"ஓரிரு இடங்களில்" என்றால் எந்த இடம்?

ஊட்டி லாட்ஜ்:
போன வாரம் நீலகிரிக்கு மழைக்கான ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்புக்கு ஒரு படி கீழே. டிவியில் வரி ஓடியது, கைப்பேசி அலறியது, விடிவதற்குள் எல்லாக் குழுக்களிலும் அது ஒரு சுற்று வந்துவிட்டது. என்னிடம் இருப்பது பதினொரு அறைகள். ஒன்பது ரத்து. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மாடியில் கம்பளி காயவைத்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வெயில்.

2024 மே மாதம் இ-பாஸ் வந்ததிலிருந்தே ஆட்கள் யோசித்துத்தான் மலையேறுகிறார்கள். அதற்குமேல் இப்படிக் கிலி கிளப்பினால் குதிரைக்காரரும் வர்க்கிக் கடைக்காரரும் டாக்ஸி ஓட்டுநரும் எதைச் சாப்பிடுவது? புலி வருகிறது, புலி வருகிறது என்று கத்திக்கொண்டே இருந்தால், நிஜமாகவே புலி வரும்போது ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பயமுறுத்தாமல் ஆபத்தைச் சொல்லவே முடியாதா?

கேத்தி முட்டைக்கோஸ்:
உங்கள் கம்பளி காய்ந்ததில் மகிழ்ச்சி. 2009 நவம்பர் 10 காலையோடு முடிந்த ஒரே நாளில் எங்கள் கேத்தியில் பதிவான மழை 82 செ.மீ. அப்போது எச்சரிக்கை என்று எங்கள் காதுக்கு ஒன்றும் வரவில்லை. இரவு முழுவதும் வீட்டுக்குக் கீழே ஓடை இரைந்துகொண்டிருந்தது. விடிகிற நேரத்தில் சட்டென்று இரைச்சல் நின்றது. "அப்பாடா" என்று நான் போர்வையை இழுத்துக்கொண்டேன். அப்பா எழுந்து எல்லாரையும் வெளியே துரத்தினார். மழை நிற்கவில்லை, ஓடை மட்டும் நின்றிருந்தது. மேலே எங்கேயோ மண் விழுந்து அடைத்திருக்கிறது என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் முட்டைக்கோஸ் பாத்திகள் பம்புசெட் கொட்டகையோடு இறங்கிப் போயின. அந்த இரண்டு மூன்று நாட்களில் மாவட்டத்தில் இறந்தவர்கள் நாற்பதுக்கும் மேல்.

பத்து முறை வீணாகப் பயந்து எழுந்தாலும் சரி, ஒரு முறை தூங்கிவிடக்கூடாது. என் கட்சி இதுதான்.

ஊட்டி லாட்ஜ்:
பத்து முறை வீணாக எழுந்தவர் பதினோராவது முறை எழமாட்டார் என்பதுதானே என் பேச்சே. இன்னொன்று. உங்கள் வீட்டாரை எழுப்பியது டிவி அல்ல, ஓடை.

கோத்தகிரி டீச்சர்:
இரண்டு பேரும் எச்சரிக்கை அதிகமா குறைவா என்று சண்டை போடுகிறீர்கள். அது எந்த மொழியில் வருகிறது என்று பார்த்தீர்களா? "நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் அதி கனமழைக்கு வாய்ப்பு." இந்த ஒரே வாக்கியத்தை ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "மிக கனமழை, அதி கனமழை, எது பெரியது?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் "மிக" என்றார்கள். ஒரு பையன் எழுந்து, "அதி என்றால் அதிகம், மிக என்றால் மிகுதி, இரண்டும் ஒன்றுதான் டீச்சர்" என்றான். தமிழாசிரியையாக அவனுக்கு நான் முழு மதிப்பெண் போடவேண்டும்!

"ஓரிரு இடங்களில்" என்றதும் எல்லாரும் "அப்படியானால் நம் ஊர் இல்லை" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். "வாய்ப்பு" இன்னும் மோசம். வேலை வாய்ப்பு, பட வாய்ப்பு, நிலச்சரிவு வாய்ப்பு. கிடைத்தால் விடக்கூடாத ஒன்றைப் போல அல்லவா ஒலிக்கிறது?

மஞ்சூர் மழைமானி:
டீச்சர், கேலி செய்வது எளிது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் அளவு இருக்கிறது. 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ.யைத் தாண்டினால் கனமழை, 11.5-ஐத் தாண்டினால் மிக கனமழை, 20-ஐத் தாண்டினால் அதி கனமழை. "ஓரிரு இடங்களில்" என்றால் ஒன்றோ இரண்டோ அல்ல, அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை. கற்றுக்கொள்ளவேண்டியது நாம். கிரிக்கெட்டில் ரன் ரேட் கணக்கு எல்லாருக்கும் புரிகிறது, இது மட்டும் புரியாதா?

லாட்ஜ்காரர் அண்ணாவுக்கு: நம் மாவட்டம் 2,500 சதுர கி.மீ.க்கு மேல். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, எங்கள் குந்தா பக்கம் அடிக்கும். வடகிழக்கு, குன்னூர் கோத்தகிரிச் சரிவுகளில் அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மலை மறைக்கும் கிழக்குப் பக்கத்தில் கோத்தகிரி பெற்றது அதில் சிறு பங்குதான். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே நிறம் என்றால், எப்போதும் யாரோ ஒருவர் கம்பளி காயவைத்துக்கொண்டுதான் இருப்பார். முன்னறிவிப்பு பொய்யாகவில்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கு ஒரே சாயம் பூசியதுதான் பிழை.

கோத்தகிரி டீச்சர்:
அளவு சொன்னால் புரிந்துவிடும் என்கிறீர்கள். எங்கள் பள்ளியில் சமைக்கும் அக்காவிடம் "இருபது சென்டிமீட்டர் மழையாம்" என்றேன். அவர் முழங்கைக்குக் கீழே கையை வைத்துக் காட்டி, "இவ்வளவுதானா? ஒரு அடிகூட இல்லையே" என்றார். சொல்லுங்கள்.

மஞ்சூர் மழைமானி:
நியாயம். இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். அந்த அக்காவுக்குப் பத்து சென்ட் தேயிலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், ஏறக்குறைய 400 சதுர மீட்டர். 20 செ.மீ. பெய்தால் அந்த இடத்தில் மட்டும் 80 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி ஆறேழு, ஒரே நாளில், அவர் வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் திறந்துவிட்ட மாதிரி. மேல் தோட்டக்காரரின் தண்ணீர் தனிக்கணக்கு.

கேத்தி முட்டைக்கோஸ்:
இதைப் போஸ்டராக அடித்து ஒட்டினால் நான் பசை வாங்கித் தருகிறேன்.

பந்தலூர் ஜீப்:
நீங்கள் எல்லாரும் கிழக்கே இருந்து பேசுகிறீர்கள். எங்களுக்கு முண்டக்கை, சூரல்மலை பக்கத்து ஊர். 2024 ஜூலை 30 அதிகாலை அங்கே மலை இறங்கியது, இருநூறுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அன்று இரவு வயநாட்டுக்கு இருந்த நிறம் ஆரஞ்சு. சிவப்பு வந்தது காலையில், எல்லாம் முடிந்த பிறகு. அப்புறம் டெல்லி "சொன்னோம்" என்றது, திருவனந்தபுரம் "இப்படிச் சொல்லவில்லை" என்றது. ஆனால் அங்கே ஊர் ஊராக மழைமானி வைத்து அளக்கும் ஹியூம் மையம் என்ற ஆய்வு அமைப்பு, முந்தைய நாளே அளவைப் பார்த்துவிட்டு மாவட்ட நிர்வாகத்திடம் ஆபத்தைச் சொல்லியிருந்தது. மஞ்சூர்க்காரர் சொல்வதில் பாதி உண்மை இதுதான். உள்ளூர் அளவு பேசியது. மீதிப் பாதி: அது படுத்திருந்தவர் காது வரை போய்ச் சேரவில்லை.

எங்கள் பக்கத்தில் வேறு சிக்கலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது பற்றி ஆராய்ந்த காட்கில் குழு 2011-இல் அறிக்கை கொடுத்தது, ஆங்கிலத்தில். அதைக் கிராம சபைகளில் வைத்துப் பேசவேண்டும் என்பது அவர்களே சொன்னது. பேசினார்களா? எங்களுக்கு வந்து சேர்ந்தது "வீட்டைக் காலி செய்யச் சொல்லப்போகிறார்கள்" என்ற வதந்திதான். பழைய ஜமீன் உரிமையில் சிக்கி, பட்டா இல்லாமல் கிடக்கும் ஜென்ம நிலத்தில் இருப்பவர் நம்பாமல் என்ன செய்வார்? அன்றிலிருந்து "உங்கள் சரிவு ஆபத்தானது" என்று யார் சொன்னாலும், "நிலத்தைப் பிடுங்கத்தானே?" என்று கேட்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருக்கும் என் பெரியம்மா போன மழைக்கு முகாமுக்கு வர மறுத்துவிட்டார். திரும்பி வரும்போது கதவில் வேறு பூட்டு தொங்கும் என்ற பயம். மண்ணைவிட அந்தப் பூட்டுக்குத்தான் அவர் பயந்தார்.

ஊட்டி லாட்ஜ்:
அதனால்தான் சொல்கிறேன், பேச்சால் ஒன்றும் நடக்காது. 2000-இலிருந்து இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை. எத்தனை பலகை, எத்தனை ஊர்வலம், எத்தனை ஓவியப் போட்டி! காட்டில் உடைந்த மது பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று படம் போட்டுக் காட்டியும் எவரும் அசையவில்லை. 2022-இல் நீதிமன்றம் சொல்லி, பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை நீலகிரியில் வந்தது. இப்போது பாட்டில் பொறுக்க ஆள் இருக்கிறது. மனிதனுக்குக் காசு புரியும், பாடம் புரியாது.

கேத்தி முட்டைக்கோஸ்:
மண்சரிவுக்கு எந்தக் கடையில் பத்து ரூபாய் திருப்பித் தருவார்கள்?

கோத்தகிரி டீச்சர்:
லாட்ஜ்காரர் ஐயா, பத்து ரூபாய் பேசியது உண்மை. அந்தப் பத்து ரூபாயை வாங்கச் சொல்லி வழக்கு நடந்ததே, அதை நடத்தியவர்களுக்கு யானையின் கால் எப்படித் தெரிந்தது? யாரோ படம் போட்டுக் காட்டியதால்தான்.

கேத்தி முட்டைக்கோஸ்:
இன்னொரு விஷயமும் எழுதிவிடுகிறேன், நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. எந்த மழை வந்தாலும் கூட்டம் போட்டு "காலநிலை மாற்றம்" என்று பேசிவிட்டு டீ குடித்துப் போய்விடுகிறார்கள். எங்கள் ஹட்டிக்கு, அதாவது எங்கள் படகர் ஊருக்கு, மேலே பொக்லைன் வைத்துச் சரிவை நெட்டுக்குத்தாக வெட்டியவர் அதே கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். உலகமே குற்றவாளி என்றால் பொக்லைன் வைத்திருப்பவர் நிரபராதி ஆகிவிடுகிறார்.

மஞ்சூர் மழைமானி:
இரண்டும் உண்மை, இரண்டையும் சொல்லவேண்டும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். கொட்டும்போது அந்த ஈரம்தான் மொத்தமாகக் கொட்டுகிறது. அதை மறைத்தால் பொய். ஆனால் அந்த மழை எந்த இடத்தில் வீட்டை இழுக்கிறது என்பதைச் சரிவை வெட்டிய விதமும் அடைத்த ஓடையும் முடிவு செய்கின்றன. கட்டடம் 7 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று இங்கே விதி இருக்கிறது. உயரத்தை டேப் வைத்து அளக்கிறார்கள், கீழே வெட்டிய மண்ணை யார் அளக்கிறார்கள்?

மாவட்டத்தில் ஆபத்தான இடங்கள் 283 என்று நிர்வாகமே பட்டியல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் செய்தித்தாளில் இந்த எண் வரும். 283 என்ற எண்ணால் எனக்கு என்ன பயன்? என் தெரு அதில் உண்டா என்று அந்தத் தெருவிலேயே எழுதி வைக்கவேண்டும்.

பந்தலூர் ஜீப்:
எழுதி வைத்தால் நிலத்தின் விலை விழும் என்று அழித்துவிடுவார்கள். எங்கள் ஊரில் ஒரு பலகைக்கு அப்படி நடந்தது.

ஊட்டி லாட்ஜ்:
விழத்தான் செய்யும். வங்கிக் கடன் வாங்கிக் கட்டியவனைக் கேட்டால் தெரியும்.

மஞ்சூர் மழைமானி:
2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கினார்கள். டார்ஜிலிங், காலிம்பாங்கோடு சேர்த்து முதலில் அறிக்கை கொடுக்க எடுத்துக்கொண்ட மூன்று மாவட்டங்களில் நீலகிரியும் ஒன்று. இங்கே எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? நான் உட்பட, மாதத்துக்கு ஒரு முறை நினைவு வந்தால்தான். கோபத்தை எல்லாம் கொடுப்பவர் மீதே கொட்டாதீர்கள். கழுத்து குறுகாமல் பக்கங்கள் நேராக நிற்கும் பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பாத்திரம் அகலமா ஒடுக்கமா என்பது பொருட்டல்ல, வாயிலிருந்து அடி வரை ஒரே அகலமாக இருந்தால் போதும். வாளி வேண்டாம், அது அடியில் குறுகும், கணக்குத் தப்பும். பத்து நாளில் உங்கள் சரிவின் குணம் தெரியத் தொடங்கும்.

கேத்தி முட்டைக்கோஸ்:
அளவோடு கண்ணும் வேண்டும். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கலாக வந்தால், திறந்து மூடிக்கொண்டிருந்த கதவு நிலைப்படியில் சிக்கினால், வேலிக்கல் சாய்ந்தால், தரையில் புது விரிசல் கண்டால், நிறத்துக்குக் காத்திருக்காதீர்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லிவிட்டு வெளியேறுங்கள்.

ஊட்டி லாட்ஜ்:
விரிசல் என்றதும் ஒன்று கேட்கிறேன், சிரிக்கக்கூடாது. ஏழாம் எண் அறைக்குப் பின்னால் தடுப்புச் சுவர். அதில் தண்ணீர் வடிய விட்டிருந்த துளைகளை இரண்டு வருடத்துக்கு முன்பு சிமெண்ட் பூசி அடைத்துவிட்டேன். சுவரில் கறை வழிகிறது என்று தங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். இப்போது சுவரின் நடுப்பகுதி கொஞ்சம் தொப்பை போட்ட மாதிரி தெரிகிறது.

மஞ்சூர் மழைமானி:
சிரிக்கவில்லை அண்ணா. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மண்ணுக்குள் நின்று சுவரைத் தள்ளுகிறது. விவரம் தெரிந்த பொறியாளரை நாளையே கூட்டி வந்து காட்டுங்கள். அதுவரை ஏழாம் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கேத்தி முட்டைக்கோஸ்:
சுவர் அடியில் கசிவு இருக்கிறதா? தெளிவாக வருகிறதா, கலங்கலாகவா? டார்ச் எடுத்துப் போய் இப்போதே பாருங்கள்.

ஊட்டி லாட்ஜ்:
பார்த்துவிட்டு வந்தேன். தெளிவாகத்தான் வருகிறது. ஏழாம் எண்ணில் இருந்த தம்பதியை மூன்றுக்கு மாற்றிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள், குழாய் ரிப்பேர் என்றேன்.

கோத்தகிரி டீச்சர்:
குழாய் ரிப்பேரா? உண்மையைச் சொல்வதற்கு என்ன?

ஊட்டி லாட்ஜ்:
சொன்னால் பத்தாவது அறையும் ரத்தாகும் டீச்சர்.