நீட் ரிப்பீட்டர்களுக்கு மார்க் எங்கே போகிறது? தெரிந்தவர்கள் பகிரவும்

இரண்டாம்சுற்று:
மறுபடி நீட் எழுதுபவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள், எதைச் செய்தால் மார்க் ஏறுகிறது? "நம்பிக்கையோடு படி தம்பி" வகைப் பதில்கள் வேண்டாம், ப்ளீஸ்.

கரும்பலகை:
முதல் வாரம் புத்தகத்தைத் தொடாதீர்கள். வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுவர விடுகிறார்கள். தற்காலிக விடைக்குறிப்பு வெளியாகும்போது உங்கள் ஓஎம்ஆர் (வட்டம் நிரப்பும் விடைத்தாள்) ஸ்கேனும் கிடைக்கும், உடனே இறக்கி வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, தவறான ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் எழுதுங்கள்: பாடமே தெரியாது, தெரிந்தும் இரண்டு விடைக்கு நடுவில் தடுமாற்றம், கணக்குப் பிழை, கேள்வியைத் தப்பாகப் படித்தது, நேரம் போதவில்லை, வட்டம் மாறிப்போனது. "தவறான கூற்று எது" என்று கேட்டதற்குச் சரியான கூற்றைக் குறித்துவிட்டு வருபவர்கள் ஏராளம்.

கணக்கைப் பாருங்கள். சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு 1 கழியும். 130 சரி, 40 தவறு, 10 விட்டது என்றால் 520-இல் 40 போக 480. அந்த 40-இல் 15 மட்டும் சரியானால் 145 சரி, 25 தவறு, ஆக 555. தவறு ஒன்று திருந்தினால் 5 மார்க், ஏனென்றால் கழிந்த 1-உம் திரும்பி வருகிறது. தொடாமல் விட்டது சரியானால் 4 தான். ஆனாலும் பெரும்பாலோர் ஜூனில் முதல் பாடத்திலிருந்து வரிசையாகத் தொடங்குகிறார்கள். ஏற்கெனவே வரும் உயிரியலையே மறுபடி மறுபடி படித்துக்கொண்டு, இயற்பியலை மார்ச் வரை தள்ளிப்போடுவதும் இதில் சேர்த்தி.

திருகுஅளவி:
இயற்பியலுக்கு ஒரு வார்த்தை. வீடியோ பார்ப்பது படிப்பு ஆகாது. 45 கேள்விக்கு 60 நிமிடம் ஒதுக்கினால் ஒன்றுக்கு 80 விநாடி. கால்குலேட்டர் கிடையாது. அதனால் பத்தின் அடுக்குகள், √2, √3, பின்னங்களைச் சுருக்குவது எல்லாம் கையில் ஓட வேண்டும். கணக்கைத் தொடங்கும் முன் நான்கு விடைகளையும் பாருங்கள். அவை பத்தின் அடுக்கில் மட்டும் வேறுபட்டால் தோராயமாகப் போட்டாலே போதும். அலகு வேறுபட்டால் பரிமாணம் பார்த்தே இரண்டைத் தள்ளிவிடலாம்.

2024-இல் பாடத்திட்டம் மாறியது. அதற்கு முந்தைய கேள்வி வங்கியை அண்ணனிடமிருந்து வாங்கி வைத்திருப்பவர்கள், வேதியியலில் திடநிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள் எல்லாம் போய்விட்டதைக் கவனிக்கவும். செய்முறைத் திறன் பகுதி உள்ளே வந்திருக்கிறது. வெர்னியர், திருகு அளவியில் சுழிப்பிழை (எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் பிழை) நேர்க்குறியானால் கழிக்க வேண்டும், எதிர்க்குறியானால் கூட்ட வேண்டும். இதில் குறி மாறி மார்க் விடுவது ரொம்பச் சாதாரணம்.

இரண்டாம்சுற்று:
தெரியாத கேள்வியைக் குத்துமதிப்பாகக் குறிக்கலாமா?

கரும்பலகை:
கண்ணை மூடிக் குறித்தால் சராசரி லாபம் கேள்விக்கு 0.25 மார்க். ஒரு விடையைத் தள்ள முடிந்தால் கிட்டத்தட்ட 0.67. இரண்டாகச் சுருக்கினால் 1.5. இரண்டாகச் சுருங்கியதை வெறுமனே விடுவது நஷ்டம்.

வட்டம்நிரப்பி:
காகிதத்தில் அப்படித்தான். ஆனால் விடைகளே பொறியாக வைக்கப்பட்டவை. அரைகுறையாகத் தெரிந்தவரை இழுப்பதற்காகவே ஒன்று இருக்கும். மாதிரித் தேர்வுகளில் ஊகித்த கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். பத்துத் தேர்வு முடிந்ததும் புள்ளி வைத்தவற்றில் எத்தனை சரி என்று எண்ணுங்கள். ஐந்தில் ஒன்றுக்கும் கீழே என்றால் உங்கள் ஊகம் நஷ்டக் கணக்கு.

நேரத்துக்கு ஒரு கணக்கு: 2025-இல் 180 நிமிடத்தில் 180 கேள்வி, எதையும் விட்டுத் தேர்ந்தெடுக்கும் வசதி இல்லை. உயிரியல் 45 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 60 போனால் மீதி 25. வட்டம் ஒன்றுக்கு 5 விநாடி என்றாலும் 180-க்கு 15 நிமிடம் ஆகிறது. கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். வினாத்தாளில் ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து வட்டங்களை நிரப்பிவிடுங்கள். பேனாவால் வைத்ததை அழிக்க முடியாது. ஆகவே மாதிரித் தேர்வையும் அச்சடித்த தாளில், பிற்பகல் 2 முதல் 5 வரை, பேனாவாலேயே எழுதுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான தூக்கத்தையும் பழக்கித்தானே ஆக வேண்டும்.

சமச்சீர்:
மார்க்கை மட்டும் பார்த்துப் பயப்படவோ குதிக்கவோ வேண்டாம். பொதுப்பிரிவுத் தகுதி மார்க் 2024-இல் 162, 2025-இல் 144. 2025-இல் முதலிடமே 686 தான். முந்தைய ஆண்டில் திருத்திய பட்டியலில்கூட 17 பேர் முழு மார்க்கான 720 வாங்கியிருந்தார்கள். போன வருடத்தோடு ஒப்பிட வேண்டியது ரேங்க். மார்க் சமமானால் முதலில் உயிரியலைப் பார்க்கிறார்கள்.

மாநிலப் பாடத்தில் படித்தவர்கள் என்சிஇஆர்டி (மத்தியப் பாடநூல்) உயிரியலை வரிவரியாக, படத்தின் கீழே இருக்கும் குறிப்பு, அட்டவணை உட்படப் படிக்க வேண்டும். தமிழ் வினாத்தாளைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலமே இறுதி, அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் தெரிந்து வையுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பை மறுபடி எழுத வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: இயற்பியல், வேதியியல், உயிரியலில் சேர்த்துப் பொதுப்பிரிவு 50 சதவீதம், பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி 40 சதவீதம் இருந்தால் போதும்.