ஒரே பெட்டிச் சுருட்டு, மூன்று தடவை, மூன்று மதிப்பெண்: எதை நம்புவது?

பொருநைக்கரையான் (அம்பாசமுத்திரம்) எழுதியது:

வணக்கம். சுருட்டு விஷயத்தில் நான் கற்றுக்குட்டி. பீடி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பிறந்தது முக்கூடலில்; அம்மா மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்ற, பக்கத்தில் உட்கார்ந்து நனைத்த இலையை வெட்டிக் கொடுத்து வளர்ந்தவன். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. பீடியை விட்டுப் பதினொரு வருடம்.

சித்திரைக் கடைசியில் மைத்துனர் துபாயில் இருந்து வந்தபோது ஐந்து சுருட்டு அடங்கிய பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்தார். நிகராகுவா நாட்டில் எஸ்தேலி என்ற ஊர்ப் பக்கம் விளைந்த புகையிலை. ஐந்து அங்குல நீளம், வளைய அளவு 50. ஓர் அங்குலத்தை 64 பங்காக்கினால் அதில் 50 பங்கு தடிமன், அதாவது இரண்டு சென்டிமீட்டருக்கு மயிரிழை குறைவு. இந்த வடிவத்துக்கு ரொபுஸ்தோ என்று பெயராம். மேலிலை கருப்பட்டி நிறம்; விரலால் தடவினால் இலேசான எண்ணெய்ப் பிசுக்கு. 'இது கனமான சரக்கு மாப்பிள்ளை, பார்த்துக் குடியுங்கள்' என்றார். விலையைக் கேட்டேன். ஒரு சுருட்டின் விலைக்கு அம்மா எத்தனை ஆயிரம் பீடி சுற்றியிருப்பாள் என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

முதல் சுருட்டை அவர் வந்த மறுநாளே பற்றவைத்தேன். அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. பெட்டி திருவனந்தபுரத்தில் இருந்து காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயில் காய்ந்தபடி வந்து சேர்ந்திருக்கிறது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மாலை ஆறரை மணி, மொட்டை மாடி, வயிற்றில் ஒரு தேநீரும் கொஞ்சம் ஓமப்பொடியும். முனையை நறுக்கும்போதே மேலிலை அப்பளம் மாதிரி விரிசல் விட்டது. புகை சூடாக வந்தது. நாக்கு நுனியில் முள் குத்துகிற மாதிரி இருந்தது, பிறகு ஒரே கசப்பு. பாதி தாண்டியதும் விக்கல், நெற்றியில் குளிர்ந்த வேர்வை. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். வீட்டம்மா ஒன்றும் கேட்கவில்லை. உடன்குடிக் கருப்பட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு உலகம் நின்றது. மதிப்பெண் பத்துக்கு நான்கு. அந்த நான்கும் மைத்துனர் முகத்துக்காக.

இரண்டாவது, பன்னிரண்டு நாள் கழித்து. இடையில் ஓரளவு படித்து, டப்பாவுக்குள் ஈரப்பதத்தை 69 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் ஈரப்பதப் பொட்டலம் ஒன்றை வரவழைத்து, எவர்சில்வர் டிபன் டப்பாவில் சுருட்டுகளோடு போட்டு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, சொதிச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்தேன். முதல் அங்குலம் நல்ல மிளகு. பிறகு கடலையை மணலில் வறுக்கும்போது தோல் கருகுமே, அந்த வாசனை. ஆற்றுப் பக்கம் இருந்து காற்று அடித்ததால் ஒரு பக்கமாகவே எரிந்துபோனது. இரண்டு தடவை நெருப்பு காட்டிச் சரிசெய்தேன். சாம்பல் ஓர் அங்குலம் வரை நின்று, நான் அதை ரசித்துக்கொண்டிருக்கும்போதே வேட்டியில் விழுந்தது. கடைசி மூன்றில் ஒரு பங்கு மறுபடியும் வேப்பங்கொழுந்து. ஆறு.

மூன்றாவதை உண்மையில் மறந்தே போனேன். மகள் வீட்டுக்குப் போய் வந்து, பேரனுக்குக் காய்ச்சல், அது இது என்று நாற்பது நாள் ஓடிவிட்டது. ஆனி மாதம், பாபநாசம் மலைப் பக்கம் மேகம் இறங்கி, இங்கே வெறும் தூறல். மதியம் சாப்பிட்டுச் சிறிது தூங்கி எழுந்து, பால் விடாத காப்பியோடு உட்கார்ந்தேன். அண்ணாச்சிமாரே, அது வேறு சுருட்டு. மிளகு இருந்தது, ஆனால் அடித்தொண்டைக்குப் போகாமல் மூக்கின் ஓரத்தில் நின்றது. நடுப்பகுதியில் கருப்பட்டிப் பாகில் சுக்கு தட்டிப் போட்ட மாதிரி ஒரு இனிப்பு. புகை வாயில் கெட்டித் தயிர்போல் நின்று நிதானமாக வெளியேறியது. ஒரு மணி இருபது நிமிடம். விரல் சுடும் வரை விடவில்லை. ஒன்பது.

இப்போது என் சந்தேகம். ஒரே பெட்டி, ஒரே அச்சு, ஒரே பேர். நான்கு, ஆறு, ஒன்பது. இதில் எது சுருட்டின் மதிப்பெண், எது என் வயிற்றின் மதிப்பெண், எது வெயிலின் மதிப்பெண்? கூட்டி மூன்றால் வகுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னும் இரண்டு இருக்கிறது. எப்படிக் குடித்தால் ஒரு நியாயமான தீர்ப்புக்கு வரலாம்?

---

இலஞ்சிக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, முதல் மதிப்பெண்ணைக் கிழித்துப் போடுங்கள். அன்றைக்கு நீங்கள் குடித்தது சுருட்டு இல்லை, சருகு. காய்ந்த இலை வேகமாக எரியும், சூடாக எரியும், சூடாக எரிந்தால் கசக்கும். நனைக்காத பீடி இலையை உங்கள் அம்மா மடக்கியிருப்பார்களா?

இரண்டாவது விஷயம், நீங்களே எழுதாமல் விட்டது. எத்தனை நொடிக்கு ஒரு இழுப்பு? பீடி குடித்த கை அவசரக் கை. பீடியை விட்டு வைத்தால் அணைந்துவிடும், அதனால் விடாமல் இழுத்தே பழகியிருப்போம். சுருட்டுக்கு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். அணைந்தால் அணையட்டும், சாம்பலைத் தட்டிவிட்டு மறுபடியும் பற்றவைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தக் கைப்பழக்கம் போக ஒரு வருடம் ஆயிற்று.

டிபன் டப்பாவை மாற்றுங்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே சிறிய ஈரப்பதமானி ஒன்று வையுங்கள், ஆனால் அது காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். சோடா மூடியில் உப்பைப் போட்டு, கூழாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சொட்டி, மானியோடு ஒரு பையில் போட்டு ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது, ஆறு கூட்டிக்கொள்கிறேன். சுருட்டுக்கு 65 முதல் 70 வரை இருந்தால் நல்லது.

எங்கள் பக்கம் தொல்லை தலைகீழ். சாரல் காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் சுருட்டு ஊறிப் பெருத்துவிடும், இழுத்தால் புகை வராது, பூசணமும் பிடிக்கும். கோடையில் இன்னொன்று: புகையிலை வண்டு. முட்டை இலைக்குள்ளேயே இருந்து, 25 டிகிரியைத் தாண்டினால் வேகமாகப் பொரிக்க ஆரம்பிக்கும். நம் ஊரில் 25 டிகிரி என்பது விடியற்காலை. நான் பதினோரு சுருட்டைப் பறிகொடுத்தேன். குண்டூசியால் குத்திய மாதிரி ஓட்டை, கீழே மாவு. இப்போது புதிதாக எது வந்தாலும் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் ஃப்ரீசர், ஒரு நாள் ஃப்ரிட்ஜ், பிறகுதான் வெளியே.

நான்காவதைக் குடிக்கும்போது ஒன்றே ஒன்றை, இழுப்பின் வேகத்தை மட்டும் மாற்றுங்கள். மூன்றாவதற்கு இருந்த அதே நேரம், அதே காப்பி, அதே நாற்காலி. சொதி வேண்டாம்.

---

வேடசந்தூர் மாமா எழுதியது:

தம்பி, நான் திண்டுக்கல் பக்கம். எங்கள் அப்பா புகையிலை வியாபாரம். நீங்கள் எழுதியதில் கனமும் காரமும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. விக்கலும் வேர்வையும் காரம், அதாவது நிகோடின். புகை தயிர்போல் நின்றது என்றீர்களே, அது கனம். கருப்பட்டியும் சுக்கும் ருசி. மூன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பாருங்கள். முதல் நாளும் மூன்றாம் நாளும் காரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கும். வெறும் வயிறு அதைப் பெரிதாக்கியிருக்கும்.

செடியின் உச்சியில் வெயில் அதிகம் வாங்குகிற இலை தடிப்பானது, காரமானது. ஸ்பானிய மொழியில் அதற்கு லிகெரோ என்று பெயர். மெதுவாக எரியும் என்பதால் சுருட்டின் நடுமத்தியில் வைத்துச் சுற்றுவார்கள். கனமான சுருட்டில் இந்த இலை கூடுதல். புகையிலையை அம்பாரம் போட்டு, உள்ளே சூடேறியதும் பிரித்துத் திருப்பிப் போட்டு, மறுபடியும் அம்பாரம் போட்டுப் பதப்படுத்தும்போது அமோனியா நெடி போகும். அவசரப்பட்டுச் சுற்றிய சரக்கில் அந்த நெடி மிச்சம் இருக்கும், டப்பாவில் இருக்க இருக்கக் குறையும். உங்கள் நாற்பது நாள் மறதிக்கும் ஒன்பதில் பங்கு உண்டு.

நம் நாட்டுச் சுருட்டை இதோடு ஒப்பிட வேண்டாம். அது இரண்டு முனையும் திறந்தது, வாயில் வைக்கும் முனையை மூடுகிற குல்லாய் கிடையாது, நறுக்க வேண்டியதும் இல்லை. வெள்ளைக்காரன் நம்மிடம் இருந்து சுருட்டை மட்டுமா எடுத்துக்கொண்டான், 'செரூட்' என்று பேரையும் சேர்த்து எடுத்துக்கொண்டான். உங்கள் பக்கம் சுடலைமாடன் கொடையில் படைக்கிறார்களே, அந்தச் சுருட்டைச் சாமியாடி இரண்டே இழுப்பில் பாதியாக்குவதைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு விக்கல் வந்து நான் பார்த்ததில்லை.

---

பாளை பல் மருத்துவர் எழுதியது:

நான் இந்தப் பக்கம் சமையல் குறிப்பு படிக்க வந்தவள். இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒன்று, நீங்கள் ருசி என்று எழுதியதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. மூக்கைப் பிடித்துக்கொண்டு கருப்பட்டியைக் கடித்துப் பாருங்கள், வெறும் இனிப்புதான் தெரியும். கையை எடுத்ததும் கருப்பட்டி வரும். சளி பிடித்திருக்கும் நாளில் போட்ட மதிப்பெண் செல்லாது. உறைப்புச் சாப்பாட்டுக்குப் பின்னாலும் நாக்கைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

இரண்டு, புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் ஆபத்து உண்டு. வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, ஆறாத புண், எது இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் காட்டுங்கள். பதினொரு வருடம் பீடியை விட்டவர் என்றீர்கள் ஐயா. ஐந்தோடு நிறுத்திக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்.

---

பொருநைக்கரையான் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டாக்டரம்மா சொன்னதை வீட்டம்மாவுக்குப் படித்துக் காட்டியது நான் செய்த பிழை. அது தனிக் கதை.

உப்புச் சோதனை செய்தேன். என் மானி 71 காட்டியது, நான்கு குறைவு. பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியாயிற்று. ஃப்ரீசரில் வைக்க வீட்டம்மாவிடம் இடம் கேட்டபோது மீன் பையைக் காட்டிய கை என்னையும் காட்டியது, அதனால் அது நடக்கவில்லை.

நான்காவதை நேற்று அதே நாற்காலியில், அதே காப்பியோடு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு ஒன்றாக இழுத்தேன். முதல் பத்து நிமிடம் கை தானாகவே வாய்க்குப் போனது. நாற்காலிக் கைப்பிடிக்குக் கீழே அந்தக் கையைச் செருகி வைத்துக்கொண்டேன். மிளகு, கடலைத் தோல், நடுவில் சுக்கு எல்லாம் வந்தது. கருப்பட்டி மட்டும் பாதியளவுதான். நடுப்பகுதிக்கு வந்ததும் இழுப்பு இறுகியது. கன்னம் குழிய இழுத்தால்தான் புகை. அணைந்தது, மறுபடி பற்றவைத்தேன். மாமா சொன்னபடி தனித்தனியாகப் போட்டேன்: கனம் ஒன்பது, காரம் எட்டு, ருசி ஏழு. இறுக்கத்துக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை.

பிறகுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. பீடிக் கடையில் செக்கர் கட்டைப் பிரித்து ஒவ்வொரு பீடியையும் கட்டைவிரலால் உருட்டுவார். தூள் கூடிப்போய் இறுகியது ஒரு பக்கம், தளர்ந்தது ஒரு பக்கம், இரண்டுமே கழிவு. அம்மா சுற்றிய கட்டுகளில் அபூர்வமாகத்தான் கழிவு விழும். விழுந்த அன்று வீட்டில் யாரும் அவளோடு பேச மாட்டோம். ஒரே தூள், ஒரே இலை, ஒரே கை, அப்படியும் விழும். நிகராகுவாவில் சுற்றியவளும் கையால் சுற்றியவள்தானே.

டப்பாவைத் திறந்து ஐந்தாவதை எடுத்து அடியில் இருந்து நுனி வரை கட்டைவிரலால் உருட்டினேன். குல்லாய்க்கு இரண்டு விரற்கடை கீழே ஓர் இடம் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. மற்ற இடமெல்லாம் ஒரே சீர். நான்காவதைப் பற்றவைக்கும் முன்னால் இப்படி உருட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

மைத்துனர் தீபாவளிக்கு வருகிறார். இதே பெட்டி ஒன்று போதும் என்று சொல்லியிருக்கிறேன். வாங்கி வரும்போது போட்டுக்கொண்டு வர, இந்தப் பிளாஸ்டிக் டப்பாவிலேயே இன்னொன்றை ஈரப்பதப் பொட்டலத்தோடு இங்கிருந்து கொடுத்தனுப்ப வேண்டும். அடுத்த மாதத்துக்குள் துபாய் போகிறவர் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.