ராயபுரம் ரயில் நிலையத்தை "மிகப் பழையது" என்பது எந்தப் பொருளில்?

கேள்வி (திருவள்ளூர் பயணி):
நான் நாள்தோறும் திருவள்ளூரிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு மின்சார ரயிலில் போய்வருகிறேன். கடற்கரைக்கு முன்னால் வண்டி ராயபுரத்தில் நிற்கும்போதெல்லாம், செங்காவி நிறச் சுவர்களும் வெள்ளைத் தூண்களுமாக நிற்கும் அந்தக் கட்டடத்தின் மேல் கண் போகிறது. "இந்தியாவின் மிகப் பழைய நிலையம்" என்று இதைச் சொல்கிறார்கள். ஆனால் நாட்டின் முதல் பயணிகள் ரயில் பம்பாயில் ஓடியது என்றுதான் பள்ளியில் படித்தோம். இரண்டும் எப்படிப் பொருந்தும்? இவ்வளவு பெருமையுள்ள நிலையம் இன்று ஒரு சிறிய புறநகர் நிறுத்தமாகச் சுருங்கியது ஏன்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 (பழைய தண்டவாளம்):
இரண்டும் சரிதான் ஐயா. முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரிபந்தரிலிருந்து தானேக்கு ஓடியது; அடுத்த ஆண்டு ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு ஓடியது. ராயபுரம் மூன்றாவதாக வந்தது. ஆயினும் போரிபந்தரின் இடத்தை 1888-இல் முடிந்த விக்டோரியா டெர்மினஸ் எடுத்துக்கொண்டது. ஹவுராவிலும் இன்று நிற்பது 1905-ஆம் ஆண்டுக் கட்டடமே. தொடக்க காலக் கட்டடம் அழியாமல் நின்று, இன்றும் வண்டிகள் நின்று செல்லும் நிலையம் என்ற பொருளில்தான் ராயபுரத்துக்கு அந்தப் பெருமை. "முதல் நிலையம்" என்று எழுதுவது பிழை. "நிலைத்திருப்பவற்றுள் மிகப் பழையது" என்பதே சரி.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி கட்டிய இந்த நிலையத்தை 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாலாஜா ரோடு வரை வண்டிகள் ஓடின. அந்த நிலையத்துக்கு அந்நாளில் ஆற்காடு என்றே பெயர். அந்தப் பாதை பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வழியாகச் சென்றது. ஆகவே நீங்கள் நாள்தோறும் வருவது தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையிலேதான். இதை நம் புறநகர்ப் பயணிகள் பலர் அறியாமலிருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம். 1862-க்குள் இதே பாதை மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை நீண்டுவிட்டது.

பதில் 2 (கல்மண்டபம் வாசி):
சுருங்கியதற்குக் காரணம் இடமாற்றம்தான். துறைமுகப் பணிகள் பெருகப் பெருக ராயபுரத்தில் நெருக்கம் கூடியது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் வந்தது; 1907-இல் முதன்மை நிலையம் என்ற நிலையும் அதற்கே போய்விட்டது. தென்பகுதிக்கான மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாள) வண்டிகளுக்கு 1908-இல் எழும்பூரில் தனி நிலையம் திறக்கப்பட்டது. மதராஸ் அண்டு சதர்ன் மராத்தா ரயில்வேயின் தலைமையகமாக மட்டும் ராயபுரம் சில காலம் தொடர்ந்தது. 1922-இல் பூங்கா நகரில் புதிய மாளிகை எழுந்த பிறகு அந்தப் பொறுப்பும் நீங்கியது.

ஆனால் "சுருங்கியது" என்ற சொல் எனக்கு முழுதும் உடன்பாடில்லை. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்த பெண்கள், ஐஸ் உருகி நீர் சொட்டும் அலுமினிய அன்னக்கூடைகளை நடைமேடையில் இறக்கி வைத்துவிட்டு, கும்மிடிப்பூண்டி வண்டிக்கோ அரக்கோணம் வண்டிக்கோ காத்திருப்பார்கள். வண்டி வந்ததும் ஒருவர் கூடையை மற்றவர் தூக்கிவிட, அரை நிமிடத்துக்குள் அத்தனையும் வியாபாரிகளுக்கான வெண்டர் பெட்டிக்குள் ஏறிவிடும். என் அம்மாவும் பல ஆண்டுகள் அப்படிப் போனவர். அந்தக் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைச் சிறிய நிறுத்தம் என்று எண்ண மனம் வருவதில்லை.

திருவள்ளூர் பயணி:
இருவருக்கும் நன்றி. கட்டடத்தைப் புதுப்பித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உள்ளே சென்று பார்க்க இயலுமா?

பதில் 3 (பழைய தண்டவாளம்):
ஆம், 2005-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். நாளை கடற்கரைக்குப் போகும் வழியில் இறங்கி, அடுத்த வண்டி வரும்வரை முகப்புப் பக்கம் சென்று பாருங்கள். வண்டிக்குள்ளிருந்து தெரிவது ஒரு பக்கம் மட்டுமே; அந்தத் தூண்களின் உயரம் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் தெரியும். சென்ட்ரல், எழும்பூருக்கு அடுத்து நெடுந்தூர வண்டிகள் புறப்படும் மூன்றாவது முனையமாக இதை ஆக்க வேண்டும் என்று வடசென்னை மக்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். தாம்பரத்திலிருந்து நெடுந்தூர வண்டிகள் புறப்படத் தொடங்கிய பின்னரும் அந்தக் கோரிக்கையில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். வடக்கே போகும் வண்டிக்காக இங்குள்ளவர் தாம்பரம் வரை செல்வது பொருத்தமன்று. எந்த விரிவாக்கம் வந்தாலும், 1856-ஆம் ஆண்டின் அந்தக் கூடத்தைப் பூட்டிவைக்காமல் பயணிகள் அமரும் இடமாகவே வைத்திருக்க வேண்டும்.