மத்தியச் சிறைச் சுவரில் இருந்தது சிமென்டா, சுண்ணாம்பா?

மூர்மார்க்கெட்_மிச்சம் | காலை 7:12

கோவை சிறைக் கட்டடத்தை என்ன செய்யலாம் என்ற இழையில் ஓவர்சியர்71 நேற்று ராத்திரி எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. அப்படியே தருகிறேன்: “சென்னை மத்தியச் சிறையை இடித்ததில் ஒரு நஷ்டமும் இல்லை. 2009இல் இடிப்பதற்கு முன் பொதுமக்களை விட்டார்களே, அப்போது நானே உள்ளே போய்ப் பார்த்தேன். சுவரெல்லாம் சிமென்ட். அதில் பாரம்பரியம் எங்கே இருந்தது?”

ஐயா, அது 1837இல் கட்டியது. அந்தமானுக்குக் கப்பலேற்றும் முன் கைதிகளை அடைத்து வைத்த இடம். 1932இல் சுபாஷ் சந்திர போஸ் இருந்தார். 1938-39இல் இந்தி எதிர்ப்புக் கைதிகளான நடராசனும் தாளமுத்துவும் அங்கிருந்துதான் பக்கத்துப் பொது மருத்துவமனைக்குப் போனார்கள், உயிரோடு திரும்பவில்லை. நெருக்கடி நிலையின் மிசா காலத்தில் உள்ளே அடி வாங்கிய முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அதை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் தலைமையில் கமிஷனே போட்டார்கள். இவ்வளவுக்கும் மேல் ஒரு கோட்டு சிமென்ட் பூசிவிட்டால் எல்லாம் அழிந்துவிடுமா?

ஓவர்சியர்71 | காலை 7:40

தம்பி, நீங்கள் உள்ளே இருந்தவர்களின் பட்டியலைப் படிக்கிறீர்கள். நான் சொன்னது கட்டடத்தை. போஸ் ரயிலிலும்தான் போனார், அந்தப் பெட்டியை எல்லாம் காப்பாற்றுவோமா?

34 வருடம் அரசு வேலையில் சுவர் தட்டிப் பார்த்தவன் நான். விரல் முட்டியால் தட்டினால் சுண்ணாம்புப் பூச்சு ‘பொத்’ என்னும். சிமென்ட் ‘டக்’ என்னும். அன்றைக்கு நான் தட்டிய இடத்தில் எல்லாம் டக். அவ்வளவுதான் விஷயம்.

கடுக்காய் | காலை 8:05

ஐயா வணக்கம். பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை செய்துதான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதனால் ஒரு வார்த்தை சொல்கிறேன். நீங்கள் தட்டியது தோலை. உள்ளே இருந்த கட்டுமானம் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். 1837இல் இந்த ஊரில் சிமென்டுக்கு எங்கே போவது? இந்தியாவில் சிமென்ட் செய்து பார்த்த முதல் முயற்சியே 1904இல், அதுவும் இதே மதராஸில், அதுவும் சரியாக ஓடவில்லை. ஆகவே உங்கள் ‘டக்’ பிற்காலத்துப் பழுதுபார்ப்பு. யாரோ ஒரு ஓவர்சியர் கையெழுத்துப் போட்டுப் பில் வாங்கிய வேலை.

இன்னொன்று. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். அதன் மேல் சிமென்டை அப்பினால் ஈரம் உள்ளேயே சிக்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாகக் கொட்டும். அப்புறம் ‘கட்டடம் தாங்காது, இடியுங்கள்’ என்று அறிக்கை எழுதுவார்கள். சுவரின் மூச்சை அடைத்தவர்களே அதற்குச் சாவுச் சான்றிதழும் கொடுப்பது.

நிதானம் | காலை 8:31

ஒரு நிமிடம். ‘பாரம்பரிய மதிப்பு’ என்றால் என்ன என்று முதலில் பேசிக்கொள்ளலாமா? ஆஸ்திரேலியாவில் 1979இல் எழுதிய புர்ரா சாசனம் அழகு, வரலாறு, அறிவியல், சமூகம் என்று மதிப்பைப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு சிறைக்கு அழகில் பூஜ்யம் விழலாம், வரலாற்றில் முழு மதிப்பெண் வரலாம். பூச்சு அசலா என்பது நம்பகத்தன்மை பற்றிய கேள்வி, இன்னும் எவ்வளவு முழுசாக மிஞ்சியிருக்கிறது என்பது வேறு. இதையெல்லாம் எடைபோட்ட பிறகுதான் அருங்காட்சியகமா, பூங்காவா, கல்லூரியா என்ற கேள்விக்கே போக வேண்டும். யாராவது இந்த வரிசையில் பேசினால் நன்றாக இருக்கும்.

ஓவர்சியர்71 | காலை 8:34

கடுக்காய், யாரைப் பார்த்து ‘பில் வாங்கியவர்’ என்கிறீர்கள்? என் சர்வீஸில் ஒரு மெமோ கிடையாது. ரிட்டையர் ஆன அன்று மேஸ்திரிகள் மாலை போட்டு அழுதார்கள். உங்களை மாதிரி ஒரு சுவருக்கு நான்கு மாதம் எடுத்துக்கொண்டு ‘மூச்சு விடுகிறது’ என்று கதை சொல்லி நான் பணம் வாங்கியதில்லை.

சிமென்ட் இருந்ததா இல்லையா? இருந்தது என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. நன்றி.

கடுக்காய் | காலை 8:41

மேல்பூச்சில் இருந்தது என்றேன்.

ஓவர்சியர்71 | காலை 8:42

இருந்தது என்றீர்கள்.

சும்மா_வந்தேன் | காலை 9:10

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பழைய ஜெயிலை 2007இல் நட்சத்திர ஓட்டலாக மாற்றிவிட்டார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு சிறையும் இப்போது ஓட்டல்தான். நாமும் செய்திருந்தால் சென்ட்ரலில் இறங்கி நேராக ஜெயிலுக்குப் போய் ரூம் போட்டிருக்கலாம். ‘மாமியார் வீடு’ என்றே போர்டு மாட்டலாம். 😄

பார்க்டவுன்_மகள் | காலை 9:26

சிரிக்கத் தோன்றவில்லை சார். என் அப்பா அங்கே வார்டராக இருந்தார். குவார்ட்டர்ஸில்தான் பிறந்து வளர்ந்தேன். ராத்திரியில் உள்ளேயிருந்து யாராவது கத்தினால் அம்மா எழுந்து ரேடியோவைச் சத்தமாக வைப்பார். 2006இல் எல்லோரையும் புழலுக்கு மாற்றினார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து ஊரே வரிசையில் நின்று சிறையைப் பார்க்க வந்தது. செல்லுக்குள் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். அப்பா வெளியிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

தலைவர்கள் இருந்ததால் காப்பாற்ற வேண்டும் என்கிறீர்கள். சரி. ஒரு சைக்கிள் திருடி ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர்? அவர்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள்?

ஓவர்சியர்71 | காலை 9:33

அம்மா, உங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு என் மரியாதை. நீங்களே சொல்லுங்கள். குவார்ட்டர்ஸ் சுவர் சிமென்ட்தானே?

பார்க்டவுன்_மகள் | காலை 9:35

குவார்ட்டர்ஸ் எனக்குத் தெரிந்து சிமென்ட்தான். ஆனால் அது சிறை இல்லையே சார்.

ஓவர்சியர்71 | காலை 9:36

குறித்துக்கொள்ளுங்கள் எல்லோரும். அங்கேயே வளர்ந்தவர் சொல்கிறார்.

மூர்மார்க்கெட்_மிச்சம் | காலை 9:50

இதுதான் இவர் வழக்கம். மூர்மார்க்கெட் பற்றி நான் இழை போட்டபோதும் இப்படித்தான். 1985இல் எரிந்துபோன கட்டடத்தைப் பற்றி நான் மூன்று பத்தி எழுதினால், ‘அங்கே விற்ற கிராமபோனில் பாதி டூப்ளிகேட்’ என்று ஒரு வரியைப் போட்டு இழையையே கொன்றார். மறக்கவில்லை ஐயா.

பெங்களூரைப் பாருங்கள். அவர்களும் மத்தியச் சிறையை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். ஆனால் பழைய இடத்தை 2008இல் சுதந்திரப் பூங்காவாகத் திறந்தார்கள். காவல் கோபுரம் நிற்கிறது, சில செல்களும் நிற்கின்றன. கொல்கத்தாவில் அலிப்பூர் சிறை 2022இல் அருங்காட்சியகம் ஆனது. நாம் பெங்களூருக்கு அடுத்த வருடமே புல்டோசரைக் கொண்டுவந்தோம்.

ஓவர்சியர்71 | காலை 10:15

பாதி இல்லை, முக்கால்வாசி டூப்ளிகேட். நான் வாங்கி ஏமாந்தவன்.

பெங்களூரில் அந்த இடத்தில் பூங்கா வந்தது. இங்கே மருத்துவக் கல்லூரிக் கட்டடம் வந்தது. எது உசத்தி? மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் 1835இல் தொடங்கியது. சிறையைவிட இரண்டு வயது மூத்தது. மூத்தவனுக்குத் தம்பி இடம் விட்டுக் கொடுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தமான் செல்லுலார் சிறையில் ஏழு சிறகுகள் கட்டினார்களே, இன்று எத்தனை? மூன்று. இடித்த பக்கத்தில் 1963இல் என்ன வந்தது? ஆஸ்பத்திரி! தேசிய நினைவகத்துக்கே அந்த கதி. நம்முடையதில் சிமென்ட் வேறு.

மூர்மார்க்கெட்_மிச்சம் | காலை 10:22

மூன்று சிறகாவது நிற்கிறதே ஐயா! அதைத்தானே 1979இல் தேசிய நினைவகம் ஆக்கினார்கள். இங்கே மூன்று செல்லாவது விட்டார்களா? ஒரு வாசல்? போஸ் இருந்தார் என்று சொல்லவாவது அரைச் சுவர் இருந்தால் போதும், அதையும் சேர்த்தல்லவா வழித்தெடுத்தார்கள். உங்கள் உதாரணம் உங்களுக்கே எதிராக நிற்கிறது.

ஓவர்சியர்71 | காலை 10:24

எதை விடுவது? சிமென்ட் சுவரையா?

கொங்கு_கதிர் | காலை 11:02

கோவை இழையிலிருந்து கிளம்பிய சண்டை இது, ஆனால் கோவையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். எங்கள் சிறை 1872இல் வந்தது. சிறை நிலத்தில் ஒரு பகுதியைச் செம்மொழிப் பூங்காவுக்கு எடுத்தாயிற்று. மிச்சக் கட்டடங்களைப் பற்றி இப்போதே பேசாவிட்டால் சென்னைக் கதைதான். அதோடு ஒரு பழைய கணக்கு: வ.உ.சி. எங்கள் சிறையில் இழுத்த செக்கு இன்று கிண்டி காந்தி மண்டபத்தில் நிற்கிறது. சொந்தச் சிறையை இடித்துவிட்டு எங்கள் ஊர்ச் செக்கை வைத்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

சும்மா_வந்தேன் | காலை 11:08

செக்கு பொதுச்சொத்து ப்ரோ. கிண்டிக்கு வந்தால் மான் பார்த்துவிட்டு அதையும் பார்க்கலாம்.

கொங்கு_கதிர் | காலை 11:11

மான் பார்க்க வந்தவனுக்குச் செக்கு எதற்கு? அது இருந்த இடத்தில் இருந்தால்தான் அவர் பட்ட பாடு தெரியும். இதுதானே நீங்கள் எல்லோரும் சென்னைச் சிறைக்குச் சொல்லும் வாதம்? எங்களுக்கு மட்டும் பொருந்தாதா?

மூர்மார்க்கெட்_மிச்சம் | காலை 11:15

கதிர், அதற்குத் தனி இழை போடுங்கள். இங்கே கலக்காதீர்கள்.

கொங்கு_கதிர் | காலை 11:16

நீங்கள்தான் என் இழையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தீர்கள் அண்ணே.

கடுக்காய் | மதியம் 12:20

மறுபடியும் சொல்கிறேன். பின்னால் வந்த பூச்சைக் காரணம் காட்டி ஒரு கட்டடத்தைத் தள்ளினால் இந்த ஊரில் ஒன்றுகூட மிஞ்சாது. சேப்பாக்கம் கலஸ் மஹால் 2012இல் தீப்பிடித்துக் கூரையே இல்லாமல் நின்றது. சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துத் திரும்ப எழுப்பினார்கள். செய்தது அரசுதான், தனியார் இல்லை. இப்போது அதில் பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது. எரிந்ததை மீட்க முடியும் என்றால் பூசியதைச் சுரண்ட முடியாதா?

ஓவர்சியர்71 | மதியம் 12:31

நவாபு இருந்த மாளிகையும் கைதி இருந்த கொட்டடியும் ஒன்றா? மாளிகைக்குக் கடுக்காய் போட்டார்கள், முட்டை வெள்ளைக்கரு போட்டார்கள், தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்கினார்கள். ஜெயில் சுவருக்கு எவன் முட்டை போட்டான்? கைதிக்கே முட்டை கிடையாது!

கடுக்காய் | மதியம் 12:40

முட்டை கடைசி மெருகுக்கு மட்டும்தான். அடிப்பூச்சுக்கும் கட்டுமானத்துக்கும் முட்டை தேவையே இல்லை. இது தெரியாமலா 34 வருடம் ஓட்டினீர்கள்?

ஓவர்சியர்71 | மதியம் 12:43

அப்படியென்றால் அந்தச் சுவரில் முட்டை இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

நிதானம் | மதியம் 12:50

யாராவது என் பதிவைப் படித்தீர்களா? சமூக மதிப்பு என்று ஒன்று சொன்னேன். பார்க்டவுன்_மகள் எழுதியது அதுதான். சைக்கிள் திருடியவரும் வார்டர் குடும்பமும் அந்தத் தலைப்பில்தான் வருவார்கள்.

சும்மா_வந்தேன் | மதியம் 12:58

செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் முட்டை உண்டு. எங்கள் பெரியம்மா வீட்டில் கன்னத்தை வைத்துப் படுத்தால் ஜில்லென்று இருக்கும்.

ஓவர்சியர்71 | மதியம் 1:04

அதுதான் கைவேலை! அந்த மாதிரிச் சுவரை இடித்தால் நானே முதல் ஆளாக வந்து படுத்துக்கொள்கிறேன். டக் என்ற சுவருக்கு வரமாட்டேன்.

மூர்மார்க்கெட்_மிச்சம் | மதியம் 1:20

ஒரு வேடிக்கை பாருங்கள். சென்னையில் எது பாரம்பரியக் கட்டடம் என்று பார்க்கும் குழு சி.எம்.டி.ஏ.வில், அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில், இருக்கிறது. எழும்பூரில் சி.எம்.டி.ஏ. இருக்கும் கட்டடத்துக்குப் பெயர் தாளமுத்து நடராசன் மாளிகை. பெயரைக் கட்டடத்தில் எழுதி வைத்தோம். அவர்கள் அடைபட்டுக் கிடந்த கட்டடத்தை மண்ணோடு மண்ணாக்கினோம்.

ஓவர்சியர்71 | மதியம் 1:26

அந்த மாளிகையும் சிமென்ட்தான். 😊

மூர்மார்க்கெட்_மிச்சம் | மதியம் 1:27

உங்களோடு பேசுவதற்கு அந்தச் சுவரோடு பேசலாம்.

ஓவர்சியர்71 | மதியம் 1:28

அதைத்தான் இடித்துவிட்டார்களே.

பார்க்டவுன்_மகள் | மதியம் 2:15

அப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். உள்சுவருக்கு வருடா வருடம் வெள்ளையடித்தது கைதிகள்தானாம். இவர் மேற்பார்வையாம். அதன் அடியில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. வெள்ளையடித்த கைதிகளில் ஒருவர் சுண்ணாம்பு மட்டை பிடிப்பதில் கெட்டிக்காரர், விடுதலையான பிறகு பெரியமேட்டில் பெயின்டராக இருந்தாராம். அவரை யாருக்காவது தெரியுமா என்று அப்பா கேட்கச் சொன்னார்.

ஓவர்சியர்71 | மதியம் 2:19

வெள்ளையடித்தால் சுண்ணாம்புச் சுவர் ஆகிவிடாது. கடுக்காய் அவர்களே, என் கேள்வி அப்படியே நிற்கிறது. முட்டை போட்டார்களா, இல்லையா?