மங்க் தொடரின் மனநல மருத்துவமனை எபிசோட்: துப்பு நேர்மையா, சட்டம் சரியா?

கேள்வி:
'மங்க்' என்கிற அமெரிக்கத் துப்பறியும் டிவி தொடரின் முதல் சீசனில் (2002) துப்பறிவாளர் மங்க்கை மனநல மருத்துவமனையில் அடைக்கிற எபிசோட் பற்றி. பார்க்காதவங்க மேலே படிக்காதீங்க, கொலையாளி பெயர் வரும். துப்பு நமக்கு முன்கூட்டியே கிடைக்குதா? ஒருத்தரை நிஜத்துல இப்படிப் பிடிச்சு வைக்க முடியுமா?

பதில் 1:
கிடைக்குது. புகைபோக்கிகிட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்தேன்னு மேனி என்கிற நோயாளி சொல்றாரே, அதுதான். தாத்தா மேல அவருக்குத் தீராத பிடிப்புன்னு தெரிஞ்சதால நாமும் சிரிச்சுத் தள்ளிடுறோம். நிஜ சாட்சியத்தை யாரும் நம்பாத வாயில வெச்சது அபாரமான எழுத்து. கொலையாளி டாக்டர் லங்காஸ்டரே மருத்துவமனையை நடத்துறவர் என்பதால, மங்க் எதைக் கண்டுபிடிச்சாலும் அதை நோயின் அறிகுறின்னு சொல்லிடலாம். பயமும் சிரிப்பும் ஒரே இடத்துல பிறக்குது.

பதில் 2:
கதை நடக்குற கலிஃபோர்னியாவுல, மாநிலச் சட்டத்தின் 5150 பிரிவுப்படி ஒருத்தரை அவர் விருப்பமில்லாம அதிகபட்சம் 72 மணி நேரம் பிடிச்சு வைக்கலாம். எபிசோட் வந்த 2002-ல இருந்த விதிப்படி, மனநோயால தனக்கோ பிறருக்கோ ஆபத்து, இல்லைன்னா உணவு, உடை, இருப்பிடம் பார்த்துக்க முடியாத நிலை இருந்திருக்கணும். இறந்துபோன மனைவி ட்ரூடியின் பழைய வீட்டுக்குள்ள மங்க் நுழைஞ்சு சமைச்சது அத்துமீறல்தான், அது மட்டும் போதாது. நீட்டிக்க 5250 பிரிவு, 14 நாள் வரைக்கும். அதுக்குச் சான்று எழுதணும், 4 நாளுக்குள்ள விசாரணை நடக்கணும், நோயாளி பக்கம் பேச ஒருத்தர் உண்டு. லங்காஸ்டர் திட்டம் அங்கேயே ஆட்டம் கண்டிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
அப்போ கதை நடக்குற குறுகிய நேரம்தான் லங்காஸ்டருக்குச் சாதகம். நன்றி.