எஸ்கியூலைட்: தமிழ்ப் பெயரை லைக் போட்டுத் தேடினால் பாதிதான் வருகிறது

லயத்துப்பிள்ளை, சுங்கை சிப்புட்
வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு, லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டுத் தாமான்களுக்கு, அதாவது வெளிக் குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிபோன எல்லோரையும் அழைக்க வேண்டும். பெயர்களை ஆளுக்கொரு போனில் தமிழிலேயே அடித்து எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஏற்றினார்கள். முனியம்மாவைச் சிலர் முணியம்மா என்று அடித்திருப்பதால், மாதிரி கொடுத்துத் தேடும் லைக் கட்டளையில் 'மு_யம்மா' போட்டேன், ஒன்றும் வரவில்லை. லைக் 'கோவிந்த%' போட்டால் சிலர் வருகிறார்கள், சிலர் வரவில்லை. திரையில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. ஒரு பாட்டி விட்டுப்போனாலும் மனசு கேட்காது. உதவுங்கள்.

செம்பனை
% எடுத்துவிட்டு * போட்டுப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் அக்செஸ் தரவுத்தளத்தில் அப்படித்தான்.

ஈப்போ அண்ணன்
எஸ்கியூலைட்டில் லைக்குக்கு % உம் _ உம்தான். * உம் ? உம் குளோப் என்ற இன்னொரு தேடல் கட்டளைக்கு. % எத்தனை குறியீட்டுக்கும் ஈடு.

தம்பி, _ ஒரு யூனிகோட் குறியீட்டுக்கு (கணினி எண் கொடுத்து வைத்திருக்கும் ஒரு துண்டுக்கு)த்தான் ஈடு, நம் கண்ணுக்குத் தெரியும் ஓர் எழுத்துக்கு அல்ல. 'னி' என்பது ன, ி என்று இரண்டு. அதனால் 'மு__யம்மா' என்று இரண்டு கோடு போடு. அதைவிட குளோப் 'மு[னண]ியம்மா*' நல்லது, [னண] என்றால் ன அல்லது ண மட்டும்தான், வேண்டாத பெயர் வராது. ி தனியாகப் புள்ளி வட்டத்தோடு தெரிந்தால் பயப்படாதே, வேலை செய்யும்.

கோவிந்தம்மா சிக்கல் வேறு. ோ ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ே, ா என்று இரண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்று, தேடலுக்கு வேறு. வராத பெயரின் முதல் எழுத்தை, குறியீடுகளை எண்ணும் லெங்த் ஃபங்ஷனில் கொடுத்துப் பார். 'கோ'வுக்கு 2 வர வேண்டும். 3 வந்தால் அதுதான் காரணம்.

லயத்துப்பிள்ளை
ஆமாம் அண்ணே, வராத பெயர்களுக்கெல்லாம் 3 வருகிறது! எப்படிச் சரிசெய்வது?

ஈப்போ அண்ணன்
முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வை. அப்புறம் பதிவைத் திருத்தும் அப்டேட் கட்டளையில், ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ரிப்ளேஸ் போட்டு, 3015 (ே), 3006 (ா) என்ற குறியீட்டு எண்கள் அடுத்தடுத்து வரும் இடத்தை 3019 (ோ) ஆக்கு. கையால் அடிக்காதே, எண்ணை எழுத்தாக்கும் சார் (char) ஃபங்ஷனில் எண்ணாகவே கொடு. ொ வுக்கு 3014 (ெ), 3006 சேர்ந்து 3018. புதிதாக ஏற்றும் பெயர்களுக்கும் இதையே, பெயர் ஏறும்போது தானாக ஓடும் ஒரு டிரிகரில் போட்டுவிடு.

லயத்துப்பிள்ளை
கோவிந்தம்மா, கோபால், பொன்னம்மா எல்லோரும் வந்துவிட்டார்கள்! ரொம்ப நன்றி அண்ணே. மாரியம்மா, மாரியம்மாள் இரண்டுக்கும்?

ஈப்போ அண்ணன்
அதற்கு லைக் 'மாரியம்மா%' போதும் தம்பி.