ஐ3-யும் நான்கு காட்டுகிறது, ஐ5-உம் நான்கு காட்டுகிறது: எதை வாங்குவது?

நெல்லித்தோப்பு ஸ்டுடியோ:
புதுச்சேரியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். வைகாசி முகூர்த்தங்களுக்கு முன் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். இன்டெல் ப்ராசஸர் ஐ3-7100 உள்ளது ஒன்று, ஐ5-7400 உள்ளது ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் இரண்டிலும் நான்கு கட்டம் ஓடுகிறது. ஐ3 வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ், ஐ5-க்கு 3.0தான். விலையும் ஐ3-க்குத்தான் குறைவு. "இதுவும் நாலுதானே" என்கிறார் அதை விற்பவர். சரியா?

கடலூர் ஓ.டி. சர்வீஸ்:
தம்பி, ஐ5 எடுங்கள். அதில் இருப்பது நிஜமாகவே நான்கு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் நான்கு ப்ராசஸர் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடும் பகுதி தனி, எல்1, எல்2 கேஷ் (டேட்டாவைக் கைவசம் வைக்கும் வேகமான சின்ன மெமரி) தனி. ஐ3-யில் கோர் இரண்டுதான். ஹைப்பர்திரெடிங் இருப்பதால் ஒவ்வொரு கோரும் விண்டோஸுக்கு இரண்டாகத் தெரிகிறது. ரெஜிஸ்டர் (நடக்கும் கணக்கின் எண்களை வைக்கும் இடம்) மட்டும் இரண்டு செட். கணக்குப் போடும் பகுதியும் கேஷும் பொது. ஒரு திரெட் (கோரில் ஓடும் ஒரு வேலை வரிசை) ராமிலிருந்து டேட்டா வரக் காத்திருக்கும்போது, சும்மா கிடக்கும் பகுதியை இன்னொரு திரெட் எடுத்துக்கொள்ளும். லாபம் அதில்தான். 2002-இல் பென்டியம் 4-இல் இது வந்தபோது இன்டெலே 30 சதவீதம் வரை என்றுதான் சொன்னது, இரண்டு மடங்கு என்று சொல்லவில்லை. வீடியோ எக்ஸ்போர்ட் கோரை விடாமல் வேலை வாங்கும், அங்கே சும்மா கிடக்கும் நேரம் குறைவு. கடையில் ஓட்டிப் பார்க்கும்போது அந்த 3.9-ஆல் ஐ3 சுறுசுறுப்பாகத் தெரியும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள், ராத்திரி முழுக்க ஓடப்போவது எக்ஸ்போர்ட்.

வில்லியனூர் மாணவி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. இரண்டிலும் ப்ராசஸருக்குள்ளேயே எச்டி கிராஃபிக்ஸ் 630 இருக்கிறது. அதிலுள்ள வீடியோ என்கோடரான குயிக் சிங்க் போட்டு எக்ஸ்போர்ட் செய்தால் வித்தியாசம் குறையும். ஆனால் கலர், எஃபெக்ட் எல்லாம் போட்டால் பெரும்பாலும் கோர்தான் சுமக்கும். நிஜ எண்ணிக்கையை டாஸ்க் மேனேஜரிலேயே பார்க்கலாம்: சிபியு பக்கத்தில் கீழே கோரும் லாஜிக்கல் ப்ராசஸரும் தனித்தனியாக இருக்கும்.

நெல்லித்தோப்பு ஸ்டுடியோ:
பார்த்தேன், ஐ3-யில் கோர் 2, லாஜிக்கல் 4. ஐ5-க்கே முன்பணம் கொடுக்கிறேன் சார். பின்னால் ஐ7 மாற்ற முடியுமா? ராம் 8 ஜிபி போதுமா?

கடலூர் ஓ.டி. சர்வீஸ்:
ஐ7-7700 அதே 1151 சாக்கெட்தான். நான்கு கோருக்கு மேல் ஹைப்பர்திரெடிங்கும் சேர்ந்து எட்டு திரெட் கிடைக்கும். ராம் 16 போடுங்கள். ஒரே 16-ஆக வாங்காமல் 8, 8 என்று இரண்டாகப் போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் டேட்டா போய்வரும்படி ஓடும். போர்டு எடுக்கும் ராம் வகை டிடிஆர்4-தானா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.